யால்டாவுக்கு ஒரு மார்க் போதாது: வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கும், போட்டித் தேர்வுக் கையேடு தயாரிப்போருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் கூடிய யால்டா மாநாடு எந்த ஆண்டு நடந்தது? கலந்துகொண்ட மூவர் யார்? 1945; பிரிட்டனின் சர்ச்சில், அமெரிக்காவின் ரூஸ்வெல்ட், சோவியத்தின் ஸ்டாலின். முடிந்தது, அடுத்த கேள்வி. மூவரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படம் ஓரத்தில் இருக்கும். கீழே முடிவுகள் வரிசையாக வரும்: ஜெர்மனியைப் பிரிப்பது, ஐ.நா. சபை அமைப்பது, போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடத்துவது. இதைப் படிக்கிற மாணவர், பிப்ரவரி 4 முதல் 11 வரை யால்டாவின் லிவாடியா அரண்மனையில் எட்டு நாள் பேசித்தான் ஐரோப்பாவின் எல்லைகளை முடிவு செய்தார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். யால்டாவை முடிவுகளின் பட்டியலாக எழுதாதீர்கள். 1943இல் தொடங்கி 1947 வரை போகிற கதையாக எழுதுங்கள். அதற்குப் போலந்து ஒன்றே போதும்.

ஈரானின் டெஹ்ரானில் ஆரம்பியுங்கள். 1943 நவம்பர் கடைசியில் மூவரும் அங்கே கூடினார்கள். போலந்தை அப்படியே மேற்கே நகர்த்திவிடலாம் என்று மூன்று தீக்குச்சிகளை மேசையில் வைத்து நகர்த்திக் காட்டியவர் சர்ச்சில். கிழக்கில் சோவியத்துக்குப் போகும் நிலத்துக்கு ஈடாக, ஜெர்மனியிடமிருந்து மேற்கில் நிலம். கிழக்கு எல்லைக்கு, போலந்துக்கும் சோவியத்துக்கும் நடுவே 1920இல் முன்வைக்கப்பட்ட கர்சன் கோடு. 1905இல் வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்தான். 1920இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அவர் பெயர் இந்தக் கோட்டிலும் ஒட்டிக்கொண்டது. நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். இதைச் சொன்னாலே பாதி வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ரூஸ்வெல்ட் ஸ்டாலினைத் தனியாகச் சந்தித்து, தனக்கும் இதில் சம்மதம், ஆனால் வெளியே சொல்ல முடியாது என்றார். 1944இல் அமெரிக்காவில் தேர்தல். போலந்து வம்சாவளி வாக்காளர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். போலந்தின் அரசு அப்போது லண்டனில் அகதியாக இருந்தது. அதன் பிரதமர் மிக்கோலாய்ச்சிக்குக்கு இந்தச் சம்மதம் எப்போது தெரிந்தது தெரியுமா? 1944 அக்டோபரில், மாஸ்கோவில், சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ் வாயால். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து! அதற்கு ஐந்து மாதம் முன்புதான் போலந்து வீரர்கள் இத்தாலியில் மான்டே காசினோ மலையில் நேச நாடுகளுக்காகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருடைய ஊர், ஏற்கெனவே கைமாறிவிட்ட அந்தக் கிழக்குப் பகுதியில்தான் இருந்தது.

அதே 1944 அக்டோபரில் மாஸ்கோவில் இன்னொரு கணக்கும் நடந்தது. ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதச் செல்வாக்கு, கிரீஸில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவில் பாதிப் பாதி என்று சர்ச்சில் ஒரு காகிதத்தில் எழுதி நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் டிக் போட்டார். சர்ச்சிலே பின்னாளில் எழுதிவைத்தது இது. சதவீதத்துக்கு என்ன அர்த்தம் என்பது டிசம்பரில் ஏதென்ஸில் தெரிந்தது. நாஜிகளை எதிர்த்துப் போராடிய கிரேக்க இடதுசாரிகள்மீது பிரிட்டிஷ் படை சுட்டது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். ஸ்டாலின் வாயே திறக்கவில்லை.

சரி, இப்போது யால்டாவுக்கு வரலாம். அந்த வாரம் சோவியத்தின் செஞ்சேனை ஓடர் ஆற்றங்கரையில், பெர்லினிலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில் நின்றது. மேற்கிலிருந்து வந்த படைகள் ரைன் ஆற்றைக்கூட இன்னும் தாண்டவில்லை. போலந்து மொத்தமும் ஏறக்குறைய ஸ்டாலின் கையில். போலந்தின் லுப்ளின் நகரில் தான் அமைத்த குழுவை ஜனவரியிலேயே போலந்தின் தற்காலிக அரசாக அவர் அங்கீகரித்தும்விட்டார். மாநாட்டில் கிடைத்தது ஒரு வாசகம்: இருக்கிற அரசை விரிவான ஜனநாயக அடிப்படையில் மாற்றியமைப்பது, கூடிய சீக்கிரம் தேர்தல் நடத்துவது. தேர்தலை யார் மேற்பார்வை செய்வது? தூதர்கள் நிலைமையைத் தத்தம் அரசுகளுக்குத் தெரிவிப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்கத் தரப்பில் இருந்த அட்மிரல் லேஹி, இந்த வாசகம் யால்டாவிலிருந்து வாஷிங்டன் வரை இழுத்தாலும் அறுந்துபோகாத ரப்பர் என்ற பொருள்பட ரூஸ்வெல்ட்டிடமே சொன்னார். தெரியும், இப்போதைக்குப் போலந்துக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்றார் ரூஸ்வெல்ட்.

ஆகவே "ரூஸ்வெல்ட் போலந்தை யால்டாவில் விற்றார்" என்றும் எழுதிவிடாதீர்கள். கையில் இல்லாத பொருளை விற்க முடியாது. அவர்மீதும் சர்ச்சில்மீதும் நான் சொல்லும் குற்றம் வேறு. 1941இல் அட்லாண்டிக் சாசனத்தில், எந்த மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், மக்கள் விருப்பமின்றி எல்லைகள் மாறக் கூடாது என்று இருவரும் உலகத்துக்கே சொன்னார்கள். அதே வாயால் டெஹ்ரானில் ரகசியமாகத் தலையாட்டினார்கள். சர்ச்சிலோ சாசனம் வெளிவந்த அடுத்த மாதமே, இது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று நாடாளுமன்றத்தில் சொன்னவர். இந்தச் செய்தியைச் சுதந்திரப் போராட்டப் பாடத்தில் வைத்தால் யால்டா பாடத்தில் வைக்க மறந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே செய்தி.

யால்டாவுக்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 1945 மார்ச்சில், பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று அழைத்து, போலந்தின் தலைமறைவு இயக்கத் தலைவர்கள் 16 பேரை சோவியத் ரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஜூனில் மாஸ்கோவில் அவர்கள்மீது வழக்கு நடந்தது. அதே ஜூனில், அதே மாஸ்கோவில், போலந்தின் புதிய கூட்டணி அரசுக்கான பேச்சும் நடந்து முடிந்தது! ஜூலை 5 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் அந்த அரசை அங்கீகரித்தன. மிக்கோலாய்ச்சிக்குக்குக் கிடைத்தது துணைப் பிரதமர் பதவியும் விவசாயத் துறையும். பாதுகாப்புப் போலீஸ் கம்யூனிஸ்டுகளிடம். 1947 ஜனவரித் தேர்தலில் அவர்கள் கூட்டணிக்கு 80 சதவீதம் வாக்கு என்று அறிவித்தார்கள். முறைகேட்டின் அளவை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அக்டோபரில் மிக்கோலாய்ச்சிக் நாட்டைவிட்டுத் தப்பி ஓடினார்.

போலந்தின் மேற்கு எல்லையை ஜெர்மனியின் போட்ஸ்டாமில், 1945 ஜூலை, ஆகஸ்டில் பேசினார்கள். ஓடர், நைசே ஆறுகள்வரை போலந்தின் நிர்வாகம், இறுதி முடிவு சமாதான உடன்படிக்கையில் என்றார்கள். ஒன்றுபட்ட ஜெர்மனி அந்த எல்லையை உடன்படிக்கை போட்டு உறுதி செய்தது 1990இல். இதற்கிடையில் கிழக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டார்கள். கிழக்கில் சோவியத்துக்குப் போன லுவூஃப் நகரத்துப் போலந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள் காலி செய்த பிரெஸ்லாவுக்குப் போய் அதை வ்ரோத்ஸ்வாஃப் ஆக்கினார்கள். லுவூஃப் இன்று உக்ரைனின் லிவீவ்.

கிழக்காசியாவுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஜப்பானுக்கு எதிராகப் போரில் இறங்க ஸ்டாலினுக்குக் கொடுத்த விலையில் மஞ்சூரியத் துறைமுகமும் ரயில்வே உரிமையும் இருந்தன. அவை சீனாவுக்குச் சொந்தம். சீனாவும் நேச நாடுதான்; அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கோலாப்பூர் அருகே வலிவடேயில் 1943 முதல் போலந்து அகதிகள் முகாம் இருந்தது. சுமார் 5,000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கிழக்குப் போலந்திலிருந்து ஸ்டாலின் நாடுகடத்தி, பிறகு விடப்பட்டு, ஈரான் வழியாக வந்து சேர்ந்தவர்கள். போர் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தார்கள். போர் முடிந்தபோது அந்த ஊர் போலந்தில் இல்லை. பலர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போனார்கள்.

பக்கத்துக்கு எங்கே போவது என்பீர்கள். ஐ.நா. துணை அமைப்புகளின் தலைமையகப் பட்டியலைக் கொஞ்சம் சுருக்கினாலே ஒரு பக்கம் கிடைக்கும். அதில் 1938, 1946 என இரண்டு போலந்து வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். யால்டா வாரத்தில் செஞ்சேனை நின்ற இடத்தை இரண்டிலும் கோடு போட்டுக் காட்டுங்கள். வலிவடேக்கு ஒரு பெட்டிச் செய்தி. அந்த மூவர் புகைப்படத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்