மேல் 15 சென்டிமீட்டர் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேயிலை இருக்கும்வரை மலை மண்ணுக்குக் கவலை இல்லை, அது பச்சைப் போர்வை என்று தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தேயிலை வரிசைகளுக்கு நடுவே முழங்காலிட்டு 28 ஆண்டுகள் மண் மாதிரி எடுத்தவன் நான். போர்வையைத் தூக்கிப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அவர் சொன்னது ஓரளவு சரி. கிளைகள் ஒன்றோடொன்று கோத்து மூடிக்கொண்ட தேயிலையின் கீழே மழைத்துளி நேராக மண்ணில் அறைவதில்லை. கவ்வாத்து வெட்டிய கிளைகளை அங்கேயே பரப்பிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் செடிகள் அப்படி மூடிக்கொள்ள நட்டதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை சரிவு முழுக்க வெறும் மண். அதிலும் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று சுரண்டிச் சுரண்டிக் களையெடுத்து, தரையைத் துடைத்த கூடம் போல வைத்திருப்பதைப் பெருமையாக நினைத்த மேற்பார்வையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த பெருமழையில் கான்களில் (வடிகால்களில்) ஓடிய தண்ணீரின் நிறத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பழைய தேயிலை மலையில், தண்டும் வேரும் சேரும் இடம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. வேர்கள் கோழிக்கால் போல வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நடும்போது அந்த இடம் தரைமட்டத்தில்தானே இருந்திருக்கும்? செடி எழும்பி வரவில்லை, மண்தான் இறங்கிப் போயிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும். ஒரு சாணுக்குக் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மலையின் பரிசோதனை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியவனே நான்தான். மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. மேலே இருந்தது ஓடிவிட்டால், முன்பு அடியில் கிடந்தது இன்றைக்கு 'மேல் மண்' ஆகிவிடுகிறது. அதையே எடுத்து, பொட்டாஷ் இவ்வளவு, மணிச்சத்து இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன். உரம் போட்டிருந்ததால் எண்கள் மோசமாகவும் இல்லை.

இனி புளிப்பு. அதை பிஎச் என்ற எண்ணால் அளப்போம்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்குப் பிஎச் 4.5 முதல் 5.5 வரை ஏற்றது. அம்மோனியம் சல்பேட், யூரியா உரங்கள் ஆண்டுக்கு ஆண்டு விழும்போது, அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாக மாறுகையில் அமிலம் வெளிப்படுகிறது. அதே அளவு தழைச்சத்துக்கு யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் சுமார் மூன்று மடங்கு புளிப்பைச் சேர்க்கும். நான் 3.8 வரை அளந்திருக்கிறேன். 4.8-க்கும் 3.8-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்றார் ஒரு கணக்குப்பிள்ளை. அந்த ஒன்று பத்து மடங்கு புளிப்பு.

பிஎச் இப்படி இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பெரும்பாலான பயிர்களின் வேர் நுனியைக் கருக்கும். தேயிலைக்கு மட்டும் அது பெரிதாக உறைப்பதில்லை. உறிஞ்சி, முதிர்ந்த இலைகளில் சேர்த்துவைக்கிறது, ஒரு கிலோ உலர்ந்த இலையில் 30 கிராம் வரைகூட. (கொழுந்தில் இது மிகக் குறைவு.) அந்த இலைகள் உதிரும்போதும் கவ்வாத்தில் விழும்போதும் அலுமினியம் மறுபடி மேல் மண்ணுக்கே வருகிறது. செடி செழிப்பாகத்தான் நிற்கும். அதைப் பிடுங்கிவிட்டு பீன்ஸ் போடும்போதுதான் மண்ணின் கதை தெரியும். புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியைத் தூவலாம், தூவவும் வேண்டும். ஆனால் அது கீழே இறங்க ஆண்டுகள் ஆகும். மேலே அளந்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எல்லாப் பழியையும் தேயிலைமேல் போடவும் எனக்கு மனமில்லை. காப்பி கோலோச்சிய இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில் காப்பியில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. பின்னால் தேயிலை ஏறிய சரிவுகளில் பல, காப்பிக்காகக் காடழித்து, களை சுரண்டி, ஏற்கெனவே தேய்ந்தவை.

பழைய தேயிலையைப் பிடுங்கினால் உடனே மறுநடவு செய்யாமல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலா புல்லோ மானாப் புல்லோ வளர்த்து, அதை வெட்டி அங்கேயே போடும் முறை உண்டு. மண்ணில் மக்கு சேரும், மண் நகராது. 'புல் வளர்க்கவா தோட்டம் வைத்திருக்கிறேன்?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இரண்டு ஆண்டுகள் கொழுந்து இல்லாமல் இருக்கச் சிறு விவசாயியால் முடியாது என்பது எனக்கும் தெரியும். அந்த இடைக்காலத்துக்குக் கைகொடுக்காமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

நான் கேட்பது சிறியது. மண் அறிக்கையில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கட்டும்: கல் தட்டும்வரை மண்ணின் ஆழம் எவ்வளவு? ஒரு கடப்பாரையும் அளவுநாடாவும் போதும். அந்தக் கட்டம் இல்லாத அறிக்கைகளில் 28 ஆண்டுகள் கையெழுத்துப் போட்டவன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனைப் பணியாளர்