ஜான்ஸ்டன் கப்பலும் அந்த இரண்டு நாளும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருக்கிறது. இங்கே எல்லோரும் நலம்.

எம்டனைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கும் போர்க்கப்பல் கதைகளில் ஆசை வந்துவிட்டது. இப்போது ஜான்ஸ்டன் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலைப் பற்றிப் படிக்கிறேன். 1944 அக்டோபர் 25 காலையில், பிலிப்பைன்ஸின் சமார் தீவுக்குக் கிழக்கே, ஆறு சிறிய விமானந்தாங்கிகளுக்குக் காவலாகப் போன சில கப்பல்களில் அதுவும் ஒன்று. எதிரே வந்ததோ ஜப்பானியக் கடற்படை: யமட்டோ என்ற ராட்சதக் கப்பல் உட்பட நான்கு பெரும் போர்க்கப்பல்கள், அவற்றுக்கு அடுத்த அளவிலான எட்டு குரூசர்கள்! உதவிக்கு இருந்திருக்க வேண்டிய, அமெரிக்கத் தளபதி ஹால்சியின் பெரும்படை ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் துரத்திக்கொண்டு வடக்கே போய்விட்டது.

ஜான்ஸ்டனின் கேப்டன் எர்னஸ்ட் எவன்ஸ், ஓக்லஹோமாக்காரர், அமெரிக்கப் பழங்குடி வம்சம். உத்தரவு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஐந்து அங்குலப் பீரங்கிகளை வைத்துக்கொண்டு நேராக எதிரியை நோக்கிப் போய்ப் தண்ணீருக்குள் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பீடோ குண்டுகள் பத்தையும் விட்டார், குமானோ என்ற குரூசரின் முகப்பு சிதைந்தது. அப்புறம் பெரிய குண்டுகள் இவர்கள்மேல் விழுந்தன. எவன்ஸுக்கு இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. சுக்கான் கட்டுப்பாடு அறுந்துபோனதால், கடைசியில் கப்பலின் பின்பக்கத்தில் நின்று, கீழே கையால் சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்குக் கத்திக் கத்தி வழி சொல்லியிருக்கிறார். டார்பீடோ தீர்ந்த பிறகும், மற்ற கப்பல்கள் தாக்கப் போனபோது துணைக்குத் திரும்பவும் போனார்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இந்தச் சண்டை இல்லை, சேகர். கப்பலில் இருந்த 327 பேரில் 186 பேர் இறந்தார்கள், அதில் எதிரியின் தாக்குதலில் செத்தவர்கள் சுமார் 50 பேர்தான். காயத்தோடு மிதவைகளில் ஏறிய 45 பேர் அங்கேயே இறந்தார்கள். கப்பல் மூழ்கியபோது உயிரோடு தண்ணீரில் இருந்த 92 பேர், எவன்ஸும் சேர்த்து, திரும்பவே இல்லை. விமானத்திலிருந்து பார்த்தவர்கள் தவறான இடத்தைத் தெரிவித்ததால் மீட்க வந்தவர்கள் வேறெங்கோ தேடியிருக்கிறார்கள், 27ஆம் தேதிதான் இவர்கள் கண்ணில் பட்டார்கள். வெயில், தாகம், சுறா. எவன்ஸுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கம் கொடுத்தார்கள், சரி. ஆனால் அத்தனை விமானங்கள் பறந்த கடலில் இரண்டு நாள் இவர்களை விட்டுவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

நீ இத்தனை வருஷம் கப்பலில் இருந்தவன். அந்தக் காலத்தில் விமானத்திலிருந்து பார்த்து ஒரு இடத்தை எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள், எங்கே தப்பு வர வாய்ப்பு அதிகம்? விவரமாக எழுது.

அன்புடன்,
ராமு