பீட்டர் பான் ஏன் வளரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கதைகளுக்கு முன்கதையாக வரும் மாயாஜாலத் தொடர்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லி, சென்ற ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஏற்கெனவே வாங்கிக் கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தரம் 7 படிக்கும் என் பேத்திக்காக, டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் கிளறி எடுத்தேன். வளராமலே இருந்து பறந்து திரியும் சிறுவன் பீட்டர் பானின் கதைக்கு முன்கதையாக டேவ் பேரியும் ரிட்லி பியர்சனும் எழுதிய தொடரின் முதல் பாகம். (பீட்டர் பானைப் படைத்தவர் ஜே.எம். பேரி. பெயர் ஒத்துப்போனது தற்செயல்.) மூல நாடகம் லண்டனில் மேடையேறியது 1904இல், முன்கதை வந்தது 2004இல்.

பேத்தி இரண்டே நாளில் முடித்துவிட்டாள். அத்தியாயங்கள் குட்டிக்குட்டி. ஒரு கப்பலில் ஆபத்து வரும், அதை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கதை அடுத்த கப்பலுக்குத் தாவும். கறுப்பு மீசைக் கொள்ளையன் வந்ததுமே, "இவன்தான் அம்மப்பா பிறகு ஹூக் ஆகப்போறான், பாருங்கோ" என்று ஓடி வந்தாள். ஹூக் என்பவன் மூலக்கதையில் ஒரு கைக்குப் பதில் கொக்கி மாட்டிய கொள்ளைத் தலைவன். இவன் கை போகப்போவது நமக்குத் தெரியும், இவனுக்குத் தெரியாது. முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்று கேட்பவர்கள், கோயிலில் கந்தபுராணப் படிப்புக்கு ஒரு நாள் போய் இருந்து பார்க்கலாம். சூரன் தோற்பான் என்று தெரியாமலா சனம் உட்கார்ந்திருக்கிறது?

என் குறை வேறு. மூலக்கதையில் உள்ள ஒவ்வொரு அதிசயத்துக்கும் 'அது வந்த விதம்' சொல்லியே தீருவது இந்த வகைக் கதைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. இங்கே வானத்திலிருந்து விழுந்த ஒரு மாயப்பொடிதான் எல்லாவற்றுக்கும் பதில். பீட்டர் பறப்பது அதனால், மீன்கள் கடற்கன்னிகளானது அதனால், ஒரு பறவை பீட்டரின் தோழியான குட்டித் தேவதை டிங்கர் பெல் ஆனதும் அதனால். பீட்டர் வாழும் தீவின் பெயரான நெவர்லாண்ட் என்பதுகூட ஒரு ஓட்டைக் கப்பலின் பெயராம்! முதன்முதல் பிறந்த குழந்தையின் முதல் சிரிப்பு ஆயிரம் துண்டாய் உடைந்துதான் தேவதைகள் பிறந்தார்கள் என்றார் பழைய பேரி. அதை வாசித்த பிள்ளையிடம் பெட்டியில் அடைத்த பொடியை நீட்டலாமா?

சரி, அதையாவது விடலாம். பீட்டரையே மாற்றிவிட்டார்களே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூலக்கதையின் பீட்டர், தான் வளர்ந்து பெரியவனாகி என்னவாக வருவான் என்று தாயும் தகப்பனும் கதைப்பதைக் கேட்டு, பிறந்த அன்றே ஓடிப்போனவன். பிறகு ஒருநாள் திரும்பிப் பறந்து வந்தால் யன்னலில் கம்பி போட்டிருக்கிறது. அவன் கட்டிலில் வேறொரு பிள்ளை தூங்குகிறது. முன்கதையில் வருபவனோ அநாதை இல்லத்திலிருந்து கப்பலேற்றப்பட்டவன், பொடி பட்டதால் வளராமல் நின்றுபோனவன். முன்னவன் வளரமாட்டேன் என்று அடம்பிடித்தான். பின்னவனிடம் யாரும் கேட்கவே இல்லை.

முன்கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முருகனுக்கு ஏன் மயில், ஏன் சேவற்கொடி என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. மாமரமாய் நின்ற சூரன் வேலால் இரண்டாகப் பிளந்து, மயிலும் சேவலுமாய் வந்தான். அதைக் கேட்டபின் மயிலைப் பார்த்தால் பழைய பகைவனும் சேர்ந்து தெரிகிறான். பொடிக் கதையைக் கேட்டபின் டிங்கர் பெல் எனக்குச் சிறுத்துத்தான் போனாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படியான பட்டியல் போடும்போது, எதை முதலில் வாசிப்பது என்றும் ஒரு வரி எழுதுங்கள். நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிய தொடரின் முன்கதை 1955இல் ஆறாவதாக வந்த புத்தகம். இப்போதைய பதிப்புகளில் அதற்கு 1 என்று இலக்கமிட்டிருக்கிறார்கள். 1950இல் முதலாவதாக வந்த நார்னியா கதையில், பனிக் காட்டின் நடுவே காரணமே சொல்லாமல் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது அங்கே முளைத்த கதையை முதலிலேயே வாசித்துவிட்ட பிள்ளை, அந்த இடத்தில் எப்படித் திகைத்து நிற்கும்?

பேத்தி இதில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "பொடி என்றால் ஒரு காரணமாவது இருக்குதே அம்மப்பா" என்கிறாள். அவளுக்கு உடனே இரண்டாம் பாகம் வேண்டுமாம். அதே கடைகளில் மூன்றாவதும் நான்காவதும் கிடக்கின்றன, இரண்டாவதைத்தான் காணவில்லை.

ஒரு அம்மப்பா,
வெள்ளவத்தை, கொழும்பு 06