இணையத் திட்டத்துக்கு முன் வீட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் கடைத்தொகுதிகளில் இணையச் சேவை விற்கும் கூடங்களில் இப்போது 10 ஜிபிபிஎஸ் திட்டங்களைப் பற்றித்தான் பேச்சு. வேகம் போதவில்லை என்று சொன்னால் அதைவிடப் பெரிய திட்டத்தைக் காட்டுகிறார்கள். வீட்டில் ஃபைபர் பெட்டி எங்கே இருக்கிறது என்று விற்பவர் கேட்பதே அரிது. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், சிம்பா என எந்த நிறுவனத்தை எடுத்தாலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தப் பெட்டி வரை வருவது பெரும்பாலும் நெட்லிங்க் என்ற நிறுவனம் போட்ட அதே ஃபைபர் இழைதான். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது அவர்களுடைய கருவிகள், வெளிநாட்டு இணைப்பு, தொலைபேசியில் அழைத்தால் கிடைக்கும் பதில். படுக்கையறையில் வைஃபை எட்டாததற்கு நிறுவனத்தை மாற்றினால் அதே குறை புது ரசீதோடு தொடரும்.

குறை எங்கே என்று கண்டுபிடிப்பது எளிது. மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். 1 ஜிபிபிஎஸ் (அதாவது 1,000 எம்பிபிஎஸ்) திட்டத்தில் 900 எம்பிபிஎஸ்சுக்கு மேல் வந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. எத்தனை முறை சோதித்தாலும் 94ஐத் தாண்டவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்சுக்கு இறங்கிவிடலாம். சில வெள்ளியில் கிடைக்கும் கேட்5இ அல்லது கேட்6 கேபிளை மாற்றினால் போதும். ஃபைபர் வழியே வரும் ஒளியைப் பெற்று ரவுட்டருக்குக் கொடுக்கும் ஓஎன்டி கருவியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். காலணி அலமாரியைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் ஓடும் மெல்லிய ஃபைபர் கம்பி மடங்கிப் போவது அடிக்கடி நடக்கும். அதை இறுக்கமாக வளைக்கவோ முடிச்சுப் போடவோ கூடாது.

புதிய வீடுகள் சிலவற்றில் ஃபைபர் பெட்டி பாம் ஷெல்டர் எனப்படும் பாதுகாப்பு அறைக்குள் இருக்கிறது. ரவுட்டரையும் அங்கேயே வைத்து இரும்புக் கதவைச் சாத்தினால் எந்தத் திட்டமும் உதவாது. கம்பி பதித்த கான்கிரீட் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். வீடு கட்டும்போதே பதித்த லேன் முனைகள் இருந்தால் ஓஎன்டி கருவியை மட்டும் உள்ளே விட்டு, ரவுட்டரை வரவேற்பறைக்குக் கொண்டுவாருங்கள். வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் கருவிகளை வாங்கினால் இரண்டாவது கருவியை லேன் கேபிளால் இணைப்பதே நல்லது. கேபிள் போட வழியில்லையென்றால், அலை நன்றாகக் கிடைக்கும் பாதி வழியில் வையுங்கள். அலையே எட்டாத அறையில் வைத்தால் அதனால் எதையும் கடத்த முடியாது.

பிறகுதான் வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நெட்ஃபிளிக்சில் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும். நான்கு அறைகளில் ஒரே நேரத்தில் ஓடினாலும் 60தான். 10 ஜிபிபிஎஸ் முழுவதையும் பயன்படுத்த ரவுட்டர், கேபிள், கணினி மூன்றிலும் அதற்கேற்ற வசதி இருக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகளின் லேன் முனை 1 ஜிபிபிஎஸ்சோடு நின்றுவிடும். பெரிய காணொளிக் கோப்புகளை நாள்தோறும் ஏற்றி இறக்குவோருக்கு அந்தத் திட்டம் உண்மையிலேயே பயன்படும். விலை ஒன்றாகவே இருந்தால் எடுப்பதில் தவறும் இல்லை. ஆனால் அறைக்குள் வைஃபை எட்டாத குறையை அது தீர்க்காது.

வாடகை அறையில் இருப்போர், அடிக்கடி வீடு மாறுவோர் 5ஜி வீட்டு இணையத்தைப் பார்க்கலாம். கருவியைச் சன்னலோரம் வைத்து, மாலை எட்டு மணிக்கு மேல் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஊரில் இருக்கும் பெற்றோருடன் காணொளியில் பேசுவது முக்கியம் என்றால், ஏற்கெனவே அந்தச் சேவையை வைத்திருக்கும் அண்டைவீட்டாரிடம் இரவு நேரத்தில் சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். உள்ளூர் வேகத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுடன் நேராக இணைந்து பார்ப்பவர்கள், வெளியிலிருந்து வீட்டு இணைப்பை நேராக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.

நிறுவனம் மாறும்போது அவசரப்படாதீர்கள். ஃபைபர் பெட்டியில் பொதுவாக இரண்டு முனைகள் இருக்கும். புதிய சேவையை இரண்டாவது முனையில் ஓடவிட்ட பிறகு பழையதை நிறுத்தினால் ஒரு நாள்கூட இணையம் தடைப்படாது. பழைய சேவையை நீங்களே ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டு ரசீதும் வரும். பெற்றோரின் வீட்டுத் தொலைபேசி எண் பழைய இணைப்போடு சேர்ந்திருந்தால், ரத்து செய்வதற்கு முன்பே அந்த எண்ணைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள்.

24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன், ஃபைபர் பெட்டி இருக்கும் இடம், லேன் முனைகள், வாடிக்கையாளரின் கருவிகள் தாங்கும் வேகம் ஆகியவற்றை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டு எழுதும்படி நிறுவனங்கள் தங்கள் விற்பனையாளர்களைப் பழக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகு மாதக் கட்டணம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தெம்பனிஸ்