எழுதிக் கொடுக்கும் முன் ஒரு போன் செய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். இங்கிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இந்தக் காலத்தில் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை இப்போதுதான் மாற்றியிருக்கிறார்கள். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

ஊர்ச் செய்தி என்றால், மழை நன்றாகப் பெய்தது. மார்த்தாண்டம் அத்தை முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்கிறாள். கிணற்றடி மாமரத்தை வெட்டியாயிற்று, அதைப் பற்றி அப்பாவிடம் கேட்காதே.

போன மாதம் பேசும்போது, இப்போது நைட் டியூட்டி இல்லை, காலையில் போய் மாலையில் வந்துவிடுகிறேன், மேஜை வேலைதான் என்றாய். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் நல்லது என்றேன். மக்களே, முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவள் நான். மருந்து டிராலி தள்ளிக்கொண்டிருந்த ஸ்டாஃப் நர்ஸைத் திடீரென்று மேஜைக்கு மாற்றினால் அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். முதுகுவலியாக இருக்கலாம். வயிற்றில் பிள்ளையாக இருக்கலாம், அப்படியானால் முதலில் எனக்குத்தான் சொல்லியிருப்பாய். மற்றக் காரணங்களும் உண்டு. நீ சொல்லாததை நான் கேட்கப் போவதில்லை. பொதுவாகச் சிலவற்றைச் சொல்கிறேன். உனக்குத் தேவையில்லை என்றால் உன் கூட வேலை செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்.

யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், அன்றைக்கே உட்கார்ந்து எழுதிக் கொடுக்காதே.

பார்வதிபுரம் சிஸ்டரை உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் உனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவாளே, அவள்தான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை, உனக்குத் தெரியும். ஆண்கள் மெடிக்கல் வார்டில் அன்று இரவு அவள் ஒருத்தி. கட்டில் நிரம்பித் தரையிலும் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். தரையில் படுத்தவனுக்கு ஏது கட்டில் நம்பர்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முருகன். ஒரு முருகனுக்குப் போட வேண்டிய இன்சுலினை மற்ற முருகனுக்குப் போட்டுவிட்டாள். வியர்த்துக் கொட்டியதைப் பார்த்ததும் அவளே கண்டுபிடித்து, அவளே குளுக்கோஸ் ஏற்றி, அவளே டாக்டரை எழுப்பினாள். விடிவதற்குள் அவன் எழுந்து டீ கேட்டான். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நைட் டியூட்டி டாக்டர் நல்ல மனிதர்தான். "சிஸ்டர், ஒரு வெள்ளைத்தாளில் சும்மா எழுதிக் கொடுத்துவிடுங்கள், ஃபைலுக்காக" என்றார். கை நடுக்கம் அடங்குமுன் அவள் எழுதினாள்: என் கவனக்குறைவால்.

அந்த இரண்டு சொல்தான் பிறகு 17 பி மெமோவில், அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு நோட்டீஸில், முதல் குற்றச்சாட்டாக வந்தது. அறுபது பேருக்கு ஒரு நர்ஸ் என்று அவள் எழுதவில்லை. நம்பர் இல்லாத பாய் என்று எழுதவில்லை. தவறைக் கண்டுபிடித்தது தானே என்றுகூட எழுதவில்லை. விசாரணை அதிகாரி வேறெதையும் கேட்கவும் இல்லை, கேட்பதற்கு அவசியமும் இல்லை, கையெழுத்தோடு ஒப்புதல் இருக்கிறதே. ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். அந்தக் குறை அவள் ஓய்வூதியம் வரை கூடவே வந்தது. போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் நெறிமுறை வகுத்திருக்கிறது. அந்தக் காகிதத்தை மெமோவுக்கு எழுதும் பதிலோடு யாராவது அவள் சார்பில் வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். வைக்க ஆள் இல்லை. விசாரணைக்குத் தனியாகப் போனாள்.

உண்மையை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. தவறு நடந்தால் நோயாளியிடமே ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும் என்பது உங்கள் ஊர் நர்சிங் கவுன்சிலின் விதி. நல்ல விதி, இங்கேயும் அது இருக்க வேண்டும். நீ சொல்வாயே டேட்டிக்ஸ் என்று, நடந்ததைக் கம்ப்யூட்டரில் பதிவது, அதைப் பதிந்தே ஆக வேண்டும். நான் சொல்வது அதற்கு அடுத்தது. உன்னை உட்காரவைத்து ஸ்டேட்மென்ட் எழுதச் சொல்லும்போது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் டியூட்டியில், எத்தனை நோயாளி, யாரை உதவிக்கு அழைத்தாய், யார் வரவில்லை, எல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதியதை விவரம் தெரிந்த ஒருவர் படித்த பிறகு கொடுக்க வேண்டும். நடந்ததிலிருந்து என்ன கற்றாய் என்று, ரிஃப்ளெக்ஷன் என்று ஏதோ எழுதச் சொல்வீர்களே, அதையும் காட்டிவிட்டே கொடு.

இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கோபமாகவும் வருகிறது. நீ சாதாரணமாகப் போய்ச் சேர்ந்தவளா? ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 7 மதிப்பெண் கேட்டார்கள் அந்த ஊர்க் கவுன்சில்காரர்கள், நீ 6.5-ஐ விட்டு நகரவே இல்லை. அழுது தீர்த்தாய். 2018 கடைசியில் அவர்களே இறங்கிவந்து எழுத்துக்கு 6.5 போதும் என்றார்கள். நாம் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், சாந்தோம் நெடுஞ்சாலையில் நம் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சில் வாசலில் சரிபார்ப்புக் காகிதத்துக்காக நின்றோம். 1926-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் பிறந்த கவுன்சில், அது கொடுத்த பதிவை வெள்ளைக்காரன் ஊரில் மறுபடி சோதிக்கிறார்களே என்று அப்பா அந்த வெயிலிலும் கிண்டல் செய்தார். பிறகு ஓஸ்கி, அங்கே நர்ஸாகப் பதிவதற்கான செய்முறைத் தேர்வு. வீடியோவில் நான் நோயாளியாகப் படுத்திருக்க, நீ அந்தக் கரையிலிருந்து என் பெயர், பிறந்த தேதி, கைப்பட்டி, ஒவ்வாமை என்று வரிசையாகக் கேட்பாய். ஒரு தடவை ஒவ்வாமையைக் கேட்க மறந்து மருந்து எடுத்தாய். நான் வேண்டுமென்றே "செத்துவிட்டேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கினாய். அப்போதே தெரிந்துகொண்டேன், நீ என்னைவிட நல்ல நர்ஸ் ஆவாய் என்று. முதல் தடவையிலேயே தேறினாய். பின் நம்பர், அதுதான் அங்கே உன் நர்ஸ் பதிவு எண், வந்த அன்று அப்பா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

அந்தப் பின் நம்பரைக் காப்பாற்ற நர்சுகள் சங்கத்தில் சேர் என்று சொன்னால் மட்டும் காதில் ஏறுவதில்லை.

ஏன் ஏறவில்லை என்றும் தெரியும். அப்பா சொன்னது உன் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களை ஒரே மூச்சில் நீக்கினார்களே, அதில் ஒருவர் உன் அப்பா. நீ அப்போது ஆறாம் வகுப்போ ஏழோ. நான் டியூட்டிக்குப் போனேன், அதனால் ஒரு சம்பளத்தில் வீடு ஓடியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையே இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். உன் அப்பா கையெழுத்து அழகு, அந்தக் கடிதம்கூட அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு சங்கக் கூட்டம் நடக்கிற தெருப்பக்கம் அவர் போனதில்லை. நீ விமானம் ஏறும்போது அவர் சொன்ன ஒரே புத்திமதி, சங்கம் கிங்கம் என்று போகாதே என்பதுதான்.

அவர் பயம் அவருக்கு. நான் அதே சம்பவத்தை வேறுமாதிரிப் பார்த்தேன். அத்தனை பேர் சேர்ந்து நின்றதால்தான் வழக்கு டெல்லிவரை போயிற்று, மன்னிப்புக் கேட்டாவது வேலை திரும்பக் கிடைத்தது. அவரை மட்டும் தனியாக நீக்கியிருந்தால் நீதிமன்ற வாசலைப் பார்த்திருப்போமா? நம் தெருக் கடைசி வீட்டுப் பிள்ளை 2015-இல் எம்.ஆர்.பி. என்ற அரசு மருத்துவத் தேர்வு வாரியம் வழியாக மாதம் 7,700 ரூபாய்க்குச் சேர்ந்தாளே, இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி. அவளும் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்ககம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் அப்படியொரு சம்பளம் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியவந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கேட்கவே வேண்டாம், தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் தெருவில் இறங்கித்தான் 2018-இல் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணை வாங்கினார்கள்.

உங்கள் ஊரில் இன்னும் எளிது. ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 1916-இல் தொடங்கியது, 1995 வரை வேலைநிறுத்தமே கூடாது என்று விதி வைத்திருந்த சங்கம். அப்பாவுக்குப் பயம் காட்டுகிற கூட்டமா அது? 2022 டிசம்பர் 15-உம் 20-உம் அவர்கள் வெளியே நின்றபோது, விசா போய்விடும் என்று நீ உள்ளே போய்விட்டாய். சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் நின்ற நாள்களை விசாவுக்கு எதிராக எண்ணக் கூடாது என்று 2018-லேயே அங்கே விதியை மாற்றியிருக்கிறார்கள். லீட்ஸில் இருக்கிற அத்தை மகள் சொன்னாள். அவள் வார்டில் அவள்தான் சங்கப் பிரதிநிதி. நம் குடும்பத்தில் ஒரு பிரதிநிதி இருக்கிறாள், நீ அவளுக்குப் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்புகிறாய்.

அவளிடம் பொதுவாகத்தான் கேட்டேன், உன் பெயரை எடுக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால், சேர்வதற்கு முன் நடந்த விவகாரத்துக்குச் சங்கத்திலிருந்து ஆள் வருவது கடினம். ஆகவே சேராதவர்கள் இன்றைக்கே சேர வேண்டும். அப்படிச் சேரும் முன்பே ஏதாவது நடந்திருந்தால், நடந்தது என்று நான் சொல்லவில்லை, அப்போதும் வழி இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்குச் சங்கத்தின் ஆளையோ உடன் வேலை செய்பவரையோ கூட்டிப்போவது அங்கே 1999-இல் வந்த சட்டப்படி உரிமை. யாரும் பெரிய மனது வைத்துத் தருவது இல்லை அது. முதல் கட்ட விசாரணைக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாம், ஆனாலும் கேட்டால் பல இடங்களில் விடுகிறார்கள். கேட்டால்தான் விடுவார்கள். நீ கேட்க மாட்டாய், அதுதான் எனக்குப் பயம். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, சாரி சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாய். பணிவாக வளர்த்தேன் என்று ஊரில் பெயர் வாங்கினேன்.

இன்னொன்றும் சொன்னாள். வெள்ளையரைவிட மற்ற இனத்தவர்தான் அங்கே ஒழுங்கு நடவடிக்கையில் அதிகம் சிக்குகிறார்கள் என்று உங்கள் சுகாதாரச் சேவையே ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடுகிறதாம். அவர்களே ஒப்புக்கொள்கிற விஷயத்தை நீ மட்டும், எங்கள் மேனேஜர் அப்படிப்பட்டவர் இல்லை அம்மா என்பாய். இல்லாமல் இருக்கட்டும். நல்ல மனிதராகவே இருக்கட்டும். பார்வதிபுரம் சிஸ்டரிடம் வெள்ளைத்தாள் கேட்டவரும் நல்ல மனிதர்தான்.

வேலை போனால் வேறு இடம் தேட விசா விதிப்படி அறுபது நாள்தான் என்று நீ இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பாய். செலவழித்து அழைத்துவந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்றும் நினைப்பாய், அந்த ஒப்பந்தத்தை நானும் படித்திருக்கிறேன். எதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. மேஜையில் உட்காரவைப்பது தண்டனை ஆகிவிடாது, விசாரணை முடியும்வரை அப்படித்தான் வைப்பார்கள். நம் ஊரில் என்றால் நேராக சஸ்பென்ஷன், பாதிச் சம்பளம். தூங்கு. சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கன்னம் ஒட்டியிருந்தது, கேமரா கோணம் என்று சொன்னாய். நான் நோயாளியின் முகம் பார்த்தே சம்பளம் வாங்கியவள்.

மூன்று வாரமாக நான் அனுப்புகிற செய்திக்கெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. பெற்ற தாய்க்குக் கட்டைவிரலா? மாப்பிள்ளையிடமாவது முழுதாகச் சொன்னாயா? அவரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டு இருந்தால் அது தவறு, அவர் நல்ல பிள்ளை.

இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. மாடிக்கு ஓடு பதிப்பது நின்றால் நிற்கட்டும், அப்பாவிடம் மேஸ்திரி வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பணத்தில் சந்தாவைக் கட்டு. அத்தை மகளின் நம்பர் உன்னிடம் இருக்கிறது, ஆனாலும் மறுபடி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அவள் வியாழக்கிழமை டியூட்டியில் இல்லையாம், எந்நேரமும் பேசலாம் என்றாள். அவளிடம் பேசிவிட்டு என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேசினாய் என்பதை மட்டும் சொல். ஏற்கெனவே ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கி அவளுக்குக் காட்டு. இல்லை, இன்னும் எழுதவில்லை என்றால் எழுதாதே. அவள் வரட்டும்.

அன்புடன்,
அம்மா