எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வை

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. புது டேபிள் வந்துவிட்டது, பையன் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டான், ரெண்டும் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். நேரே உன் கேள்விக்கு வருகிறேன்.

மயோஃபேஷியல் ரிலீஸ், அதாவது தசையைப் போர்த்திய ஃபேஷியா என்ற சவ்வில் மெல்ல இழுப்புக் கொடுத்து இறுக்கம் தளர்த்தும் கை வேலை, செய்ய ஆரம்பித்ததிலிருந்து மூணு சிக்கல் என்று எழுதியிருக்கிறாய்: பேஷண்டுக்கு முதுகு கன்றிப் போகிறது, உன் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது, கிடைத்த பலன் ரெண்டே நாளில் காணாமல் போகிறது. முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நீ செய்வது ரிலீஸ் இல்லை, மசாஜையே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்கிறாய். மூணாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உள்ளே வை. நம் ஊரில் உடம்பைப் பிடித்துவிடுவது என்றாலே எண்ணெய்தான். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று சித்த மருத்துவத்தின் பிடித்துவிடும் முறையான தொக்கணத்தில் ஒன்பது வகை சொன்னாலும், ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது தைல வாசனை மட்டும். அதனால் வெறுங்கையோடு தொட்டால் “எண்ணெய் போடலையா சார்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். உன் உள்ளங்கை தோலைக் கவ்வினால்தான் இழுப்பு கீழ் அடுக்குக்குப் போகும். எண்ணெய் இருந்தால் கை தோல்மேல் வழுக்கும், அடியில் ஒன்றும் நகராது. நகரவில்லையே என்று நீ இன்னும் அழுத்துவாய், அங்கேதான் கன்றுகிறது. வீட்டிலேயே வலித் தைலம் பூசிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றிவிட்டுத் தொடங்கு. ரோமம் அதிகமுள்ள காலில் மட்டும் விரல்நுனி அளவு மாய்ஸ்சரைசர் போதும்.

இடுப்புக்குக் குறுக்குக் கை முறையை இப்படிச் செய்து பார். குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் மெல்லிய தலையணை, கணுக்காலுக்கடியில் சுருட்டிய டவல். கைகளைக் குறுக்கே போட்டு, ஒரு உள்ளங்கையை முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பின்மேல் விரல்கள் காலைப் பார்க்க வை. இன்னொன்றைக் கடைசி விலாவுக்குப் பக்கத்தில், விரல்கள் தலையைப் பார்க்க வை. முதுகெலும்பு முள்மேல் வைக்காதே, ஒரு பக்கமாக ஒதுக்கி வை. பத்துப் பதினைந்து விநாடி ஒன்றும் செய்யாமல் கையின் கனத்தை இறங்க விடு. பிறகு உடம்பைச் சாய்த்து ரெண்டு கையும் விலகுகிற மாதிரி மெல்லக் கொடு. ஓரிடத்தில் “இதுக்கு மேல வராது” என்று திசு சொல்லும். அந்த முதல் தடையிலேயே நில். அதைத் தாண்டித் தள்ளுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு.

ஒன்றரை நிமிஷம் வரை பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. கை சும்மா இருக்கிறதே, காசு வாங்குகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். இருக்கட்டும். அதற்குப் பிறகு கைக்கடியில் லேசாக ஒரு நழுவல் தெரியும். பிசைந்த உடனே இழுத்த பரோட்டா மாவு சுருங்கிக்கொள்ளும், ஊறின மாவு இழுத்த இடத்தில் நிற்கும், அந்த வித்தியாசம்தான். அந்த நழுவலை நீ துரத்தாதே, கை அதன்கூடப் போய் அடுத்த தடையில் நிற்கட்டும். ஓரிடத்துக்கு மூணு முதல் ஐந்து நிமிஷம். ஒரு சிட்டிங்கில் மூணு நாலு இடத்துக்கு மேல் வேண்டாம்.

பேஷண்ட் முகம் தலையணைக்குள் இருக்கும், அதனால் காலைப் பார். விரல்கள் மடங்குகிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா, குண்டி இறுகுகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் பாதி கனத்தைக் குறை. “நல்லா அழுத்துங்க சார், தாங்குவேன்” என்பவர்தான் அதிகம் இறுக்கிக்கொள்கிறவர். வலி பத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது. தோல் சிவந்தால் சரி. மறுநாள் நீலமாய்த் தெரிந்தால் நீ திசுவை நசுக்கியிருக்கிறாய் என்று அர்த்தம், “நச்சு வெளியேறுது” என்று கதை விடாதே.

கதை என்றதும் இன்னொன்று. ஃபேஷியாவை உருக்கி நீட்டிவிடுகிறோம் என்று பேஷண்டிடம் சொல்லாதே. 2008-ல் வந்த ஒரு கணித மாதிரி ஆய்வில், தொடையின் பக்கவாட்டு ஃபேஷியாவையும் பாதத்தின் அடி ஃபேஷியாவையும் ஒரே ஒரு சதவீதம் அமுக்கவோ நகர்த்தவோ கூட, மனிதக் கை சாதாரணமாகக் கொடுக்கிற விசை போதவே போதாது என்று வந்தது. அப்படியானால் கைக்கடியில் நழுவியது என்ன? அடுக்குகளுக்கு நடுவே வழுக்கல் கூடுவது ஒரு பங்கு இருக்கலாம். பெரிய பங்கு நரம்புடையது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஃபேஷியாவிலுள்ள ரஃபினி முனைகள் என்ற உணர்வு நரம்பு நுனிகள் மெதுவான, பக்கவாட்டான இழுப்பைத்தான் நன்றாக உணரும், அதன் பேரில் தசை இறுக்கம் தளரும். வேகமும் முரட்டுத்தனமும் எதிர்மாறாகத் தசையைக் காவலுக்கு நிற்க வைக்கும். மெதுவாகச் செய் என்று நான் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

இந்தக் கணக்கை வைத்தே ஐ.டி. பேண்ட், அதாவது இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொடைப் பக்கவாட்டில் ஓடும் பட்டை, அதன் சமாசாரத்தையும் தீர்த்துக்கொள். ஓட்டக்காரர்கள் தொடைப் பக்கவாட்டில் ஃபோம் ரோலர் என்ற உருளையைப் போட்டு அழுதுகொண்டே உருட்டுவார்கள். அந்தப் பட்டை நீளாது. அதை இழுத்துப் பிடித்திருக்கும் தசைகளுக்குப் போ. ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, இடுப்பு எலும்பின் முன்முனைக்கும் தொடை எலும்பின் பக்கவாட்டு மேட்டுக்கும் நடுவிலுள்ள சின்னத் தசையில் தளர்ந்த முஷ்டியை ரெண்டு நிமிஷம் வை. பிறகு பிட்டத் தசையின் மேல்பாதி. அது போதும்.

குதிகால் வலிக்காரர்களுக்குக் கெண்டைக்காலையும் சேர்த்துப் பார். முன்கையின் சதைப்பற்றுள்ள பக்கத்தை முப்பது டிகிரி சாய்வில் வைத்து, கணுக்காலிலிருந்து மேலே ஒன்றரை ரெண்டு நிமிஷத்தில் ஒரே ஒரு தரம் ஏறு. முழங்கால் மடிப்புக்கு நாலு விரல் கீழேயே நிறுத்திவிடு, குழிக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழே தட்டுப்படும் எலும்புத் தலையை ஒட்டியும் நரம்பு இருக்கிறது, அங்கே கனம் வைத்தால் பாதத்தில் மரத்துப்போகும். அதற்கெல்லாம் முன்னால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் கையே வைக்காதே. சமீபத்தில் ஆபரேஷனோ நீண்ட பயணமோ இருந்தால் இன்னும் சந்தேகம். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி, உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் பார்க்கச் சொல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் மெலிந்தவர், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர், இவர்களிடம் “வலிக்குதா” என்ற கேள்வியை நம்பி வேலை செய்ய முடியாது. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைப்போ, தொடை இடுக்கில் மரத்தலோ இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்கு, டேபிளுக்கு இல்லை.

உன் கட்டைவிரலுக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு எட்டுப் பேரைக் கட்டைவிரலால் குத்தினால் அதன் அடி மூட்டு தேயாமல் என்ன செய்யும்? உள்ளங்கை, தளர்ந்த முஷ்டி, முன்கை, இந்த மூணிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மணிக்கட்டு நேராக, முழங்கை நீட்டி ஆனால் பூட்டாமல், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நின்று, பலத்தைத் தோளிலிருந்து தள்ளாமல் உடம்புச் சாய்வில் கொடு. இது வர வேண்டுமென்றால் டேபிள் உயரம் சரியாக இருக்க வேண்டும்: கையைத் தொங்கவிட்டு நின்றால் விரல் முட்டி மேற்பரப்பைத் தொடணும். முன்கை வேலைக்கு அதைவிட ரெண்டு அங்குலம் இறக்கு.

இப்போது ரெண்டு நாளில் மறையும் பலன். எழுந்ததும் நேரே வீட்டுக்கு அனுப்புகிறாய் என்று நினைக்கிறேன். தொடங்குமுன் குனியச் சொல்லி விரல்நுனிக்கும் தரைக்கும் எத்தனை செ.மீ. என்று எழுதிக்கொள். முடிந்ததும் மறுபடி அள. கூடக் குனிய முடிந்தால், அந்தச் சூட்டோடேயே இடுப்பைச் சாய்த்து நிமிர்த்துவது, நாலு கால் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்துவது, இடுப்பிலிருந்து மடிந்து எழுவது, ஒவ்வொன்றும் பத்துத் தடவை செய்யச் சொல். வீட்டிலும் தினம் ரெண்டு வேளை. கிடைத்த அசைவைத் தசை பயன்படுத்தாவிட்டால் பழைய இறுக்கம் திரும்பிவிடும். ரெண்டாவது சிட்டிங்கிலும் அளவு மாறாவிட்டால் இடத்தை மாற்று. நாலிலும் மாறாவிட்டால் இது கை வேலையில் தீருகிற வலி இல்லை, வேறு பக்கம் பார்க்க அனுப்பு.

டேபிள் இப்போது தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து அடுத்த கடிதத்தில் எழுது. உன் உயரத்துக்கு அது கூடத்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் மாப்ளை