களப்பதிவுகளை ஏ.எம்.ஆர். ஆக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டார் பாடல்களையும் கதைகளையும் கேசட்டில் பதிந்து வைத்திருக்கும் கல்லூரித் துறைகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் வணக்கம்.

கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பழைய பதிவுகளை, செல்பேசியில் கேட்க வசதியாக ஏ.எம்.ஆர். (AMR) என்னும் சிறிய ஒலிக்கோப்புகளாகச் சுருக்கித் தருகிறீர்கள். நல்ல வேலை. நொடிக்கு 12.2 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரப் பேச்சு 6 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது, பழைய பட்டன் போனிலும் ஓடுகிறது. பாடியவரின் பேரப்பிள்ளைகள் ஊரில் இருந்தபடியே பாட்டியின் குரலைக் கேட்க முடிகிறது. அது தொடரட்டும். சுருக்கிய பிறகு, சுருக்காத மூல வேவ் (WAV) கோப்பை அழித்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு துறையில், வட்டில் இடமில்லை என்று அழித்துவிட்டார்கள். கேசட்டுகளோ பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

ஏ.எம்.ஆர். செல்பேசி உரையாடலுக்காக உருவான முறை. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு அதை 1999இல் ஏற்றுக்கொண்டது. அது ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து (ஒவ்வொரு அளவும் ஒரு மாதிரி), 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதத் தொண்டையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. ஒரே ஆள் நிதானமாகப் பேசினால் கணக்கு சரியாகவே வரும். ஸ, ஃப போன்ற ஒலிகள் மங்கும். பேட்டி என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒப்பாரியை அப்படிப் பொறுக்க முடியாது. நாலைந்து பெண்கள் சேர்ந்து அழும்போது ஒருத்தி இழுக்கிற இழுப்பின் மேல் இன்னொருத்தியின் விம்மல் ஏறும். ஒரு தொண்டைக்குப் போட்ட கணக்கு இங்கே குழம்பி, எல்லாக் குரலும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். வில்லுப்பாட்டில் இழப்பு இன்னும் அதிகம். நொடிக்கு 8,000 மாதிரி என்றால் அதில் பாதியான 4,000 ஹெர்ட்சுக்கு மேலே எதுவுமே மிஞ்சாது. வில்லில் கட்டிய மணிகளின் கணீர் ஓசையில் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. உடுக்கையின் அடியும் மொண்ணையாகிவிடும். போதாததற்கு, அமைதியான இடங்களில் பிட்டைச் சேமிக்கும் டி.டி.எக்ஸ். என்றொரு வசதி உண்டு. அது மெல்லிய தேம்பலையும் மூச்சையும்கூட அமைதி என்று எண்ணி, அந்த இடத்தில் செயற்கை இரைச்சலை நிரப்பிவிடலாம். மாற்றும்போது அதை அணைத்துவிடுங்கள்.

சரி, இடத்துக்கு என்ன செய்வது? கேசட் போன்ற பதிவுகளுக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரி), மாதிரிக்கு 24 பிட் வேண்டும் என்பது ஒலிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ.வின் பரிந்துரை. ஒற்றைத் தடத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி. 1 டிபி வட்டில் 1,900 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். எந்தத் துறையின் செலவிலும் இது பெரிய தொகை இல்லை. இரண்டு வட்டு வாங்கி வேறு வேறு கட்டிடத்தில் வையுங்கள்.

கேட்பதற்கான நகல்களில் பேட்டியையும் கதையையும் ஏ.எம்.ஆர். ஆக்கலாம். பாட்டும் வாத்தியமும் உள்ளவற்றை ஓபஸ் (Opus) என்னும் இன்னொரு சுருக்கு முறையில் கொடுங்கள். 2012இல் வந்த அந்த முறைக்கு உரிமக் கட்டணம் கிடையாது. 24 கிலோபிட்டில் மணிக்கு 11 எம்பிதான் ஆகும், மணியோசையும் கேட்கும். அது ஓடாத பழைய போன்களுக்கு எம்பி3 போதும். எதைச் சுருக்கினாலும் மூல வேவிலிருந்தே சுருக்குங்கள். எம்பி3யை ஏ.எம்.ஆர். ஆக்கினால் இரண்டு முறை இழக்கிறோம்.

ஏற்கெனவே அழித்தவர்கள், ஏ.எம்.ஆரைத் திரும்ப வேவ் ஆக்கி வைத்துச் சமாதானம் அடைய வேண்டாம். கோப்புதான் பெருக்கும், போன ஒலி வராது. கேசட் இன்னும் சுற்றுகிற நிலையில் இருந்தால் இந்த ஆண்டே மறுபடி பதிவேற்றத் தொடங்குங்கள். பூஞ்சை பிடித்ததை மட்டும் நீங்களே ஓட்டிப் பார்க்காமல், நாடா சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
களப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் ஒருவர்